கண் இமைக் கோளாறுகள்: எதற்குப் பொறுத்திருக்கலாம், எதற்கு அறுவை சிகிச்சை வேண்டும்?

இமையில் கட்டி, இமை தொங்குவது, முடி குத்துவது, ஓயாத துடிப்பு என்று எந்தத் தொந்தரவோடு வந்தாலும், வடசென்னை மக்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "ஆபரேஷன் இல்லாம சரியாகுமா?" திருவொற்றியூர் முதல் வியாசர்பாடி வரை நடந்த முகாம்களிலும் புறநோயாளிகள் பிரிவிலும் கண் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றிய காலம் முழுவதும் இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்ல முடியாது என்றாலும், பதிலைக் கண்டடையும் வழி தெளிவானது. கோளாறு இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் இருக்கிறதா, இமையைத் தூக்கி நிறுத்தும் தசையிலும் தசைநாரிலும் இருக்கிறதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சுரப்பிக் கோளாறுகளில் வெந்நீர் ஒத்தடமும் இமைச் சுத்தமுமே முதன்மையான சிகிச்சை. கத்தி கடைசியில்தான் வரும். தசையும் தசைநாரும் தளர்ந்து இமை இடம் மாறிவிட்ட கோளாறுகளிலோ, சொட்டு மருந்தும் களிம்பும் கருவிழியைக் காத்து நாளைக் கடத்த உதவுமே ஒழிய, இமையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மாட்டா. இவ்விரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்வதால்தான், ஒத்தடத்திலேயே கரைந்திருக்கக்கூடிய கட்டியைச் சிலர் அவசரமாகக் கீறிக்கொள்கிறார்கள். இமை உட்பக்கம் மடங்கிய முதியவர்கள் சிலர் ஆண்டுக்கணக்கில் சொட்டு மருந்து மட்டுமே போட்டுக்கொண்டு கருவிழியில் தழும்போடு வந்து நிற்கிறார்கள்.

கட்டியிலிருந்து தொடங்கலாம். இமையில் வரும் கட்டிகளில் இரண்டு வகை பொதுவானவை. கண்கட்டி என்று நாம் எல்லோரும் சொல்வது, இமை முடியின் வேரிலோ எண்ணெய்ச் சுரப்பியிலோ கிருமி தொற்றிச் சீழ் கோத்து, சிவந்து வலிப்பது. இது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் தானே உடைந்தோ வற்றியோ அடங்கிவிடும். இரண்டாவது வகையை மருத்துவர்கள் கலேசியன் என்பார்கள். மேல் இமையில் ஏறத்தாழ 25 முதல் 40 வரையும் கீழ் இமையில் 20 முதல் 30 வரையும் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளில் ஒன்று அடைத்துக்கொண்டு, வெளியேற முடியாத எண்ணெய் உள்ளேயே தேங்கித் திசுவைத் தூண்டுவதால், பட்டாணி அளவில் கெட்டியாக, அநேகமாக வலியே இல்லாமல் உருளும் கட்டி அது. கண்கட்டியாகத் தொடங்கி, வலி போன பிறகு கலேசியனாக நின்றுவிடுவதும் உண்டு.

நாமக்கட்டியை உரசிப் பூசுவதும், உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடேற்றிக் கட்டிமேல் வைப்பதும் நம் வீடுகளில் இன்றும் நடக்கின்றன. இந்தக் கைச்சூட்டில் ஒரு நியாயம் இருக்கிறது. உறைந்த எண்ணெயை இளக்குவது சூடுதான். ஆனால் விரல்நுனிச் சூடு சில நொடிகளில் ஆறிவிடும். கொதிக்க வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்ட நீரில் சுத்தமான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வரை வைத்திருக்க வேண்டும். துணி ஆற ஆற மறுபடி நனைக்க வேண்டும். அதன்பின் மேல் இமையென்றால் மேலிருந்து கீழாகவும், கீழ் இமையென்றால் கீழிருந்து மேலாகவும், முடி வரிசையை நோக்கி விரலால் மெல்ல நீவிவிட வேண்டும். நாளுக்கு மூன்று அல்லது நான்கு முறை, குறைந்தது மூன்று நான்கு வாரங்கள் இதைச் செய்ய வேண்டும். இரண்டு நாள் செய்துவிட்டு "ஒத்தடம் கேட்கவில்லை" என்பவர்களே அதிகம். நாமக்கட்டி சொரசொரப்பான தூள். உலர்ந்து கண்ணுக்குள் உதிர்ந்தால் கருவிழியை உராயும் என்பதால் நான் அதை ஒருபோதும் ஆதரித்ததில்லை. பச்சிளம் குழந்தையின் கண்ணில் தாய்ப்பால் விடுவதையும் அப்படியே சொல்வேன். கட்டியைச் சுற்றி முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண்ணை அசைக்க வலித்தாலோ தொற்று பரவுகிறது என்று பொருள்; அப்போது ஒத்தடத்தோடு காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

ஒத்தடத்துக்கு அடங்காத கலேசியனுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கட்டிக்குள் ஊசியால் செலுத்துவது. இன்னொன்று, கட்டியைக் கீறிச் சுரண்டி எடுப்பது. பலர் இதைப் பெரிய ஆபரேஷன் என்று எண்ணி அஞ்சுகிறார்கள். நடப்பது இதுதான்: இமையில் மரப்பு ஊசி போட்டு, வளையம் வைத்த சிறிய இடுக்கியால் கட்டியைக் கவ்வி, இமையை வெளிப்பக்கமாகத் திருப்பி, உட்புறத்தில் சுரப்பி ஓடும் திசையிலேயே செங்குத்தாகச் சிறிதாகக் கீறுவார்கள். கஞ்சிப் பசைபோல் சாம்பல் மஞ்சளாக ஒரு பொருள் வெளியே வரும். அதைச் சிறு கரண்டி போன்ற கருவியால் வழித்தெடுத்து, களிம்பு போட்டுக் கண்ணை மூடிக் கட்டிவிடுவார்கள். அநேகமாகத் தையலே வேண்டியதில்லை. கீறல் உட்புறத்தில் இருப்பதால் வெளியே தழும்பும் தெரியாது. அன்றே வீட்டுக்குப் போகலாம். மரப்பு ஊசி போடும் அந்தச் சில நொடிகள் மட்டும் நன்றாகவே வலிக்கும். அதை மறைத்துச் சொல்வது நியாயமில்லை.

இரண்டில் எது மேல்? ஒரே தடவையில் முடிய வேண்டுமென்றால் கீறி எடுப்பதே சற்று உறுதியானது. ஊசியைச் சில சமயம் இரண்டாம் முறையும் போட வேண்டிவரும். ஆனால் கட்டி கண்ணீர் வடியும் துளைக்குப் பக்கத்தில், மூக்கோரமாக இருந்தால் கத்தி அந்தக் கண்ணீர்ப் பாதையைக் காயப்படுத்தக்கூடும் என்பதால் ஊசிக்கு முன்னுரிமை தரலாம். ஊசியின் குறை நம்மைப் போன்ற மாநிறத்தவர்களுக்கும் கருநிறத்தவர்களுக்கும் முக்கியமானது: மருந்து தோலுக்கடியில் படிந்து அந்த இடம் வெளிறிப் போகலாம், பெரும்பாலும் சில மாதங்களில் நிறம் திரும்பும் என்றாலும், திருமணம் நிச்சயமான பெண்ணுக்கோ மேடையேறும் கலைஞருக்கோ முன்கூட்டியே இதைச் சொல்லிவிட வேண்டும். சிறு குழந்தைகளின் நிலை வேறு. அவர்கள் அசையாமல் படுத்திருக்க மாட்டார்கள் என்பதால் கீறி எடுக்கப் பொது மயக்கம் தேவைப்படும். அதனால்தான் கட்டி பார்வையை மறைக்காத வரை ஒத்தடத்தையே மாதக்கணக்கில் தொடரச் சொல்கிறார்கள், பெரும்பாலும் அது வீண்போவதில்லை. நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையால் கலேசியன் கரையாது, ஏனெனில் அதில் தொற்று இல்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தோ இன்னும் மோசம். வாரக்கணக்கில் விட்டால் கண் அழுத்தத்தை ஏற்றிப் பார்வை நரம்பையே பாதிக்கக்கூடும்.

தொற்று பரவும்போது தவிர, கட்டி விஷயத்தில் இன்னொரு சந்தர்ப்பத்திலும் நான் பொறுமையைப் பரிந்துரைக்க மாட்டேன். நடுவயதைத் தாண்டியவருக்கு, எடுத்த இடத்திலேயே கட்டி திரும்பத் திரும்ப வந்தால், அல்லது கட்டியுள்ள இடத்தில் இமை முடி உதிர்ந்து வெறுமையாக இருந்தால், அல்லது ஒரு பக்கத்து இமை மட்டும் மாதக்கணக்கில் சிவந்து தடித்திருந்தால், அது எண்ணெய்ச் சுரப்பிப் புற்றாக இருக்கக்கூடும். மேலை நாடுகளில் அரிதான இப்புற்று, இந்தியாவில் இமைப் புற்றுகளில் கணிசமான இடத்தைப் பிடித்திருக்கிறது. சாதாரணக் கட்டியைப் போலவே வேடமிட்டு வரும். எடுத்த திசுவைப் பயாப்ஸி பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்று நோயாளியே கேட்கலாம், கேட்க வேண்டும். அடிக்கடி கண்கட்டி வருபவர்கள் இரத்தச் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இமை ஓரத்தில் பொடுகு போல் செதில் படிந்து, காலையில் பீளை கட்டி, நாளெல்லாம் அரிப்பும் எரிச்சலுமாக இருக்கும் இமையோர அழற்சிக்கு அறுவை சிகிச்சை என்ற பேச்சே கிடையாது. ஒத்தடம், அதன்பின் நீரில் கலந்த குழந்தை ஷாம்பூ அல்லது அதற்கென்றே கிடைக்கும் இமைத் துடைப்பான் கொண்டு முடி வேரைச் சுத்தம் செய்தல், தேவைப்பட்டால் அசித்ரோமைசின் அல்லது டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி என்பதே வழி. டாக்ஸிசைக்ளினைக் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் தருவதில்லை. இது முற்றிலும் நீங்கிவிடும் நோயில்லை. பல் துலக்குவதை நாம் எப்படி நிறுத்துவதில்லையோ அப்படித் தொடர்ந்து கவனித்துக்கொள்ள வேண்டியது.

இமை தொங்குவது: தோலா, தசையா?

கட்டிக்கு அடுத்தபடியாக அதிகம் குழப்பம் தருவது இமைத் தொய்வு. மேல் இமை கீழிறங்கித் தெரிவதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம். வயதால் தளர்ந்த உபரித் தோல் மடிந்து இமை முடிமேல் சரிந்திருக்கலாம். அல்லது இமையைத் தூக்கும் தசையே வலுவிழந்தோ, தசைநார் பற்றிய இடத்திலிருந்து நழுவியோ இருக்கலாம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு கடையின் ஷட்டர் பாதி இறங்கி நிற்பதும், ஷட்டர் முழுதும் ஏறியிருந்தும் முன்னால் கட்டிய தார்ப்பாய் சரிந்து வாசலை மறைப்பதும் தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஒன்றுக்குச் செய்யும் வேலை மற்றொன்றுக்குப் பயன்படாது. தசை தளர்ந்தவருக்குத் தோலை மட்டும் வெட்டி எடுத்தால் முகம் சற்றுத் தெளியுமே தவிரக் கண் திறக்காது.

இதைக் கண்டறிவதற்கு விலையுயர்ந்த இயந்திரம் வேண்டியதில்லை. நோயாளியின் புருவத்தின்மேல் கட்டை விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, நெற்றித் தசை உதவிக்கு வராதபடி தடுத்து, முதலில் தரையைப் பார்க்கச் சொல்கிறோம். இமை விளிம்புக்கு நேரே மில்லிமீட்டர் அளவுகோலைப் பிடித்து, பிறகு தலையை அசைக்காமல் கூரையைப் பார்க்கச் சொல்கிறோம். இமை விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது என்பதே அந்தத் தசையின் பலம். 12 மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால் தசை நன்றாக இருக்கிறது. 4 அல்லது அதற்குக் கீழென்றால் அந்தத் தசையை நம்பிப் பயனில்லை. எந்த அறுவை சிகிச்சை என்பதைத் தீர்மானிப்பதே பெரும்பாலும் இந்த ஒரு அளவுதான். ஆகவே, இந்த அளவை எடுக்காமலேயே "இமையைத் தூக்கித் தருகிறோம்" என்று நாள் குறித்துக் கொடுக்கும் இடத்தை நான் நம்ப மாட்டேன்.

அளவை எடுப்பதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, தொய்வு எப்போது வந்தது என்பது. நேற்றுவரை நன்றாக இருந்த இமை இன்று விழுந்திருக்கிறது, கூடவே பொருள்கள் இரட்டையாகத் தெரிகின்றன, தலை கடுமையாக வலிக்கிறது, கண்மணி ஒரு பக்கம் மட்டும் விரிந்திருக்கிறது என்றால், அது மூளை இரத்தக்குழாய் வீக்கத்தால் மூன்றாவது மண்டை நரம்பு நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். கண் மருத்துவமனையில் சீட்டு வாங்கி வரிசையில் நிற்பதற்குரிய நேரம் இல்லை அது. நரம்பியல் பிரிவுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ, சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ அவசரப் பிரிவில் நேராகப் போக வேண்டும். சர்க்கரை நோயாலும் இதே நரம்பு பாதிக்கப்படும். அதில் பெரும்பாலும் கண்மணி விரிவதில்லை, சில மாதங்களில் இமை தானே ஏறிவிடும். எதுவென்று பிரித்தறிவது வீட்டில் முடியாத காரியம். காலையில் சரியாக இருந்து மாலையில் களைத்துத் தொங்கும் இமை இன்னொரு வகை. அது மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச்சோர்வு நோயாக இருக்கலாம். மூடிய இமைமேல் பனிக்கட்டிப் பையை இரண்டு நிமிடம் வைத்து எடுத்ததும் இமை சற்று ஏறினால் ஐயம் வலுப்படும். இதற்கு மாத்திரையே சிகிச்சை. நோயைக் கண்டறியாமல் இமையை அறுப்பது தவறு.

பிறவியிலேயே இமை தொங்கும் குழந்தையின் விஷயத்தில் தாய்மார்களின் கேள்வி வேறு: "பெரியவனானதும் பார்த்துக்கலாமா சார்?" அழகு ஒன்றே பிரச்சினையாக இருந்தால், மூன்று முதல் ஐந்து வயது வரை காத்திருந்து, அளவுகள் சரியாக எடுக்க முடிகிற வயதில் செய்வது நல்லதுதான். ஆனால் இமை கண்மணியையே மூடுகிறது, குழந்தை பார்ப்பதற்காக மோவாயைத் தூக்கித் தலையைப் பின்னால் சாய்க்கிறது என்றால் காத்திருக்கக் கூடாது. வெளிச்சம் போகாத கண்ணை மூளை பயன்படுத்தக் கற்றுக்கொள்ளாது. சோம்பேறிக் கண் எனப்படும் அந்தப் பார்வைக் குறையைப் பிற்பாடு இமையைத் தூக்கினாலும் மீட்பது கடினம். கண்ணாடி, நல்ல கண்ணை மூடி ஒட்டுப்போடுதல் முதலிய பயிற்சிகளும் அறுவை சிகிச்சையோடு சேர்ந்தே வர வேண்டும். தூக்கும் தசைக்குப் பலமில்லாத குழந்தைகளுக்கு, இமையை நெற்றித் தசையோடு சிலிக்கான் இழையாலோ தொடையிலிருந்து எடுத்த சவ்வுப்பட்டையாலோ இணைத்துவிடுவார்கள். அதன்பின் புருவத்தை உயர்த்தினால் இமை உயரும். சிலிக்கானைப் பின்னாளில் இறுக்கவோ தளர்த்தவோ எளிது. சொந்தச் சவ்வு நீடித்து நிற்கும், ஆனால் தொடையில் ஒரு வெட்டு கூடுதல், மிகச் சிறு குழந்தையிடம் போதிய நீளமும் கிடைக்காது. எதைத் தேர்ந்தாலும் தூக்கத்தில் கண் சற்றுத் திறந்தே இருக்கும் என்பதையும், இரவில் களிம்பு போட வேண்டிவரும் என்பதையும் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் தசைநார் நழுவல். முதுமை, பல ஆண்டுகள் கான்டாக்ட் லென்ஸ் அணிதல், சில சமயம் புரை அறுவைக்குப் பின் என்று காரணங்கள் பல. இங்கே தசைக்குப் பலம் இருக்கிறது, பிடிமானம்தான் போயிருக்கிறது. அறுவை சிகிச்சையில் அந்தத் தசைநாரை முன்னால் இழுத்து இமைக்கு உறுதி தரும் இமைத் தகட்டோடு மறுபடி தைப்பார்கள். மரப்பு ஊசி மட்டுமே போடப்படுவதால், நடுவில் கண்ணைத் திறக்கச் சொல்லி இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத் தையலை இறுக்க முடியும். அறுவை இல்லாத வழிகளும் உண்டு. இமையை முட்டுக்கொடுத்துத் தாங்கும் கம்பி வைத்த கண்ணாடி பழைய வழி. மயக்கமோ கத்தியோ தாங்காத முதியவர்களுக்கு இன்றும் உதவும், ஆனால் இமைக்க விடாமல் கண்ணை உலர்த்தும். ஆக்ஸிமெட்டசோலின் 0.1 சதவீதச் சொட்டு மருந்துக்கு 2020ஆம் ஆண்டு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புதல் அளித்தது. அது இமையிலுள்ள சிறு துணைத் தசையைச் சுருக்கி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயர்த்தும், சில மணி நேரத்தில் அந்தப் பயன் நீங்கும். லேசான தொய்வுள்ளவர் ஒரு விழாநாளுக்கு இதைப் பயன்படுத்தலாம். கண்மணியை மூடும் தொய்வுக்கு இது ஈடாகாது. அறுவையிலும் குறை இல்லாமல் இல்லை. அதிகமாகவோ குறைவாகவோ ஏறி, மறுமுறை சரிசெய்ய வேண்டிவரலாம். ஒரு பக்கத்தைத் தூக்கியதும், அதுவரை இரு கண்ணுக்கும் சேர்த்துக் கூடுதலாக உழைத்த நரம்புத் தூண்டல் குறைந்து, நன்றாக இருந்த மறுபக்க இமை சற்று இறங்குவதும் உண்டு. இதை மருத்துவர் அறுவைக்கு முன்னரே சோதித்துப் பார்த்துவிட முடியும்.

உபரித் தோல் மட்டுமே காரணம் என்றால் அதை அளந்து வெட்டித் தைப்பது எளிய, நிறைவு தரும் சிகிச்சை. ஐந்து முதல் ஏழு நாளில் தையல் பிரிப்பார்கள், கன்றிய நிறம் அடங்க இரண்டு வாரம் ஆகும். பக்கவாட்டுப் பார்வை மறைவதாகப் பார்வைப் பரப்புச் சோதனையில் தெரிந்தால் அது மருத்துவத் தேவை; இல்லையேல் அழகுக்கானது. கண் உலர்வு ஏற்கெனவே உள்ளவர்கள் இரண்டு முறை யோசிக்க வேண்டும், ஏனெனில் அதிகமாகத் தோலை எடுத்துவிட்டால் கண் முழுதும் மூடாமல் உலர்வு கூடிவிடும். "கத்தியில்லாமல் இமை இறுக்கம்" என்று விளம்பரம் செய்யும் பிளாஸ்மா பேனா, நூல், ஃபில்லர் ஆகியவை இமைத் தோல் உடலிலேயே மிக மெல்லியது என்பதை மறந்தவை. அழகு நிலையத்தில் இவற்றைச் செய்துகொள்வதைவிடச் சும்மா இருப்பது நூறு மடங்கு மேல்.

உட்பக்கம் மடங்கும் இமை, குத்தும் முடி

கீழ் இமை உட்பக்கம் மடங்குவது முதியவர்களிடையே பரவலான கோளாறு; இதில்தான் தாமதம் அதிகக் கேடு செய்கிறது. இமையைத் தாங்கும் நார் தளர்ந்து, முடி வரிசை முழுதும் உள்நோக்கித் திரும்பி, ஒவ்வொரு இமைப்பிலும் கருவிழியைத் தேய்க்கும். நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த முதியவர் படும் பாடு புரியும். தேய்ந்த இடத்தில் புண், புண்ணில் தொற்று, ஆறினால் வெண்தழும்பு என்று அது போகும். கன்னத்தை நோக்கி இமையைக் கீழிழுத்து மருத்துவ ஒட்டுநாடா போடுவதும், உயவுச் சொட்டும், தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தி மூன்று மாத அளவுக்குப் பயன் தரும் போட்டுலினம் ஊசியும் அறுவைத் தேதி வரை தாக்குப்பிடிக்க உதவும். நிலையான தீர்வு அறுவைதான். அதில் இரண்டு தெரிவுகள் உண்டு: இமையை வெளிநோக்கித் திருப்பும் மூன்று தையல்கள், அல்லது இமையின் வெளிமுனையை இறுக்கி எலும்புறையோடு தைத்துத் தளர்ந்த நாரையும் பொருத்துவது. முதலாவது சில நிமிடங்களில் படுக்கையருகிலேயே முடிந்துவிடும், ஆனால் மறுபடி மடங்கும் வாய்ப்பு அதிகம். இரண்டாவது கூடுதல் நேரம் எடுக்கும், நீடித்து நிற்கும். படுத்த படுக்கையாக உள்ள பெரியவருக்கு முதலாவதையும், நடமாடும் அறுபது வயதுக்காரருக்கு இரண்டாவதையும் தேர்வதே சரி என்பது என் கருத்து.

இமை நேராக இருந்தும் ஓரிரு முடிகள் மட்டும் உள்நோக்கி வளர்ந்து குத்துவது வேறு. பிடுங்கினால் உடனே சுகம், ஆனால் ஒன்றிரண்டு மாதத்தில் முடி மறுபடி முளைக்கும், அதுவும் முனை மழுங்காத குட்டை முடியாக வந்து கூடுதலாகக் குத்தும். இரண்டு மூன்று முடிகள் என்றால் மின்சாரத்தால் வேரை எரிப்பதும், நிறைய என்றால் உறைகுளிர் சிகிச்சையோ அறுவையோ பொருந்தும். உறைகுளிர் தோலை வெளுக்கச் செய்யும் என்பதைக் கருநிறத்தவர்கள் கவனிக்க வேண்டும். வட மாநிலங்களில் ஒரு காலத்தில் முடி குத்துவதற்குப் பெருங்காரணமாக இருந்த டிரக்கோமா என்ற கண் தொற்றுநோய், பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில் அங்கீகரித்தது. அதன் பழைய தழும்போடு இருக்கும் முதியவர்களுக்கு இமைத் தகட்டையே திருப்பியமைக்கும் அறுவை தேவைப்படலாம்.

கீழ் இமை வெளிப்பக்கம் பிதுங்கித் தொங்குவதற்கும் இறுக்கித் தைப்பதே தீர்வு. முகவாதத்தால் கண் மூடாமல் போனவர்களுக்கு மட்டும் வரிசை தலைகீழாகும். பெல்ஸ் பால்சி எனப்படும் முகவாதத்தில் பெரும்பாலோர் சில மாதங்களில் குணமடைகிறார்கள். முதல் 72 மணி நேரத்தில் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் வாய்ப்பு கூடும். அதுவரை பகலில் செயற்கைக் கண்ணீர், இரவில் களிம்பும் ஒட்டுநாடாவும் போதும். நரம்பு திரும்பவில்லை என்று உறுதியான பின்னரே இமை மூட உதவும்படி அதில் சிறு தங்க எடை வைப்பதையோ இமையோரங்களைச் சேர்த்துத் தைப்பதையோ யோசிக்க வேண்டும். கருவிழி புண்ணாகத் தொடங்கினால் மட்டும் முன்னதாகவே தைக்கலாம்.

இமை துடிப்பதைச் சகுனமாகக் கொள்பவர்கள் உண்டு. தூக்கமின்மை, களைப்பு, அளவுக்கு மிஞ்சிய டீ, காபி ஆகியவையே பெரும்பாலும் காரணம், சில நாளில் நின்றுவிடும். இரு கண்ணும் தானாக இறுக மூடிக்கொண்டு சாலையைக் கடக்கவே முடியாமல் போவது பிளெஃபரோஸ்பாசம் என்ற நரம்புக் கோளாறு. இதற்குப் போட்டுலினம் ஊசியே முதல் சிகிச்சை, 1989இலேயே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மூன்று நான்கு மாதத்துக்கொருமுறை போட வேண்டும். தசையை வெட்டி எடுக்கும் அறுவை, ஊசி பலிக்காத சிலருக்கு மட்டுமே. இமையின் உள்மூலையில் படியும் மஞ்சள் கொழுப்புத் திட்டை எடுப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம்; ஆனால் கொழுப்புப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

எங்கே போவது, எப்போது போவது

வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. பக்கத்திலேயே ஸ்டான்லியின் கண் பிரிவு. சற்றுத் தள்ளி, 1819இல் தொடங்கப்பட்டு ஆசியாவின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்றாக விளங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிறுத்தமே எழும்பூர். இரண்டிலும் சிகிச்சை இலவசம். விலையாகத் தர வேண்டியது நேரம். துறைமுகத்திலோ லாரி ஷெட்டிலோ தினக்கூலிக்குப் போகிறவருக்கு மூன்று நாள் அலைச்சல் மூன்று நாள் கூலி என்பதை நான் அறிவேன். அதனால் முதல் வருகையிலேயே இமை அறுவையில் தனித் தேர்ச்சி பெற்ற ஆக்குலோபிளாஸ்டி மருத்துவர் எந்தக் கிழமையில் பார்க்கிறார் என்று கேட்டுக்கொண்டு அந்த நாளில் போனால் அலைச்சல் குறையும். தனியார் மருத்துவமனையில் தேதி சீக்கிரம் கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையோடு போய், தமக்குச் சொல்லப்பட்ட அறுவை அந்தத் திட்டத்தில் வருகிறதா என்று காப்பீட்டு மேசையில் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். அழகுக்கான இமை அறுவையை அதில் எதிர்பார்க்க முடியாது. கலேசியனுக்கும் உட்பக்கம் மடங்கிய இமைக்கும் அரசு மருத்துவமனையே போதுமானது. பிறவித் தொய்வுக்கு மட்டும், எங்கே செய்தாலும், இவ்வகை அறுவையைத் தொடர்ந்து செய்யும் கையாகப் பார்த்துத் தேர வேண்டும்.

காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர்கள் மீன்பிடித் தடைக்காலத்தில் இமை அறுவையை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். தையலுள்ள இமையில் உப்புநீர் தெறிப்பதையும் வெயிலில் கண் கூசுவதையும் இரண்டு வாரமாவது தவிர்க்க வேண்டும். மணலி, எண்ணூர்ப் பக்கம் லாரித் தூசியில் வண்டி ஓட்டுபவர்களுக்கும் இதே விதி. அறுவைக்கு முன் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வர வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்திவிடவும் கூடாது, ஏனெனில் நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்தாகலாம். அந்த முடிவை இதய மருத்துவரும் கண் மருத்துவரும் சேர்ந்தே எடுக்க வேண்டும். நாட்டு மருந்து, சித்த மருந்து எதுவானாலும் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

அறுவைக்குப் பின் முதல் இரண்டு நாள் குளிர் ஒத்தடம், தலையணையை உயர்த்திப் படுத்தல், சொன்ன நாள் வரை தலைக்குக் குளிக்காமை ஆகியவை போதும். லேசான வீக்கமும் கன்றிய நிறமும் இயல்பானவை. ஆனால் முதல் நாள் இரவில் கண் பிதுங்கி இறுகி, தாங்க முடியாத வலியோடு பார்வை மங்கினால், கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கட்டுகிறது என்று பொருள். இது அரிது, ஆனால் சில மணி நேரத்தில் பார்வையைப் பறித்துவிடக்கூடியது. மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காமல், கட்டை அவிழ்த்துப் பார்வையைச் சோதித்து, அறுவை செய்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அந்த நேரமே கிளம்பிவிட வேண்டும்.